கேரியரை விட்ட கை

"…ஒரு வார்த்தை சொல்லிட்டு விட்டிருக்கலாமே, தம்பி."

காக்ஸ் டவுனில் எங்கள் சைக்கிள் கடையை ஒட்டிய சந்தில், சைக்கிள் வாங்க வந்த ஓர் அம்மா, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தபடி இதைச் சொன்னார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் அங்கே விற்பனைக்கு நின்றவன். வாய்ப் பேச்சிலேயே சைக்கிளை உருட்டிவிடுவான் என்று முதலாளி என்னைக் கேலி செய்வார்.

அந்தம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். "திங்கக்கிழமையிலேர்ந்து ஆஸ்பத்திரி கேன்டீன்ல சமையல் வேலைப்பா. முதல் பஸ்ஸுக்கு முன்னாடியே அங்க இருக்கணும். எனக்கு ஓட்டவே தெரியாது, வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

"அதுக்கென்னக்கா, அரை மணியில பறப்பீங்க" என்று சந்துக்குக் கூட்டிப்போனேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"விட்டுட மாட்டியேப்பா?" மூன்று முறை கேட்டார்.

"பிடிச்சிருக்கேன்க்கா."

சொல்லாமல் விடுவதுதான் எங்கள் வழக்கம். நானும் அப்படித்தான் கற்றேன். விட்டேன். பத்தடி அருமையாகப் போனார். சந்தோஷம் தாங்காமல், "பாருங்க, தனியாவே ஓட்டுறீங்க!" என்று கைதட்டினேன். திரும்பிப் பார்த்தார், வெறுங்கையோடு தூரத்தில் நின்ற என்னை. விழுந்தார்.

மணிக்கட்டு என் கண்ணெதிரே வீங்கியது. அந்தக் கையால் திங்கட்கிழமை எப்படிக் கரண்டி பிடிப்பார்? அதற்குப் பிறகு யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும், "விடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விட்டேன். அதனால் அவருக்கு என்ன பிரயோசனம்?

ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன். வேண்டாமென்று தலையசைத்தார். நல்ல கையால் சைக்கிளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, சீட்டில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, நடந்து போனார்.