கிரீஸ் தடவிய தண்டவாளம்

ராஜவேலுவின் கைக்கு ஒரு வழக்கம் உண்டு. இரும்போ பித்தளையோ, துடைத்து முடித்ததும் கொஞ்சம் கிரீஸ் தடவாமல் கீழே வைக்காது. கடலை ஒட்டிய ஏரிக்கரையில் படகு என்ஜின் பழுது பார்க்கிறவன் வேறெப்படி இருப்பான்? உப்புக்காற்று எதை விட்டுவைக்கிறது? அரிவாள்மணைக்கும் தடவி வைத்துவிட்டு, சோறெல்லாம் கிரீஸ் நாறுகிறது என்று பெண்டாட்டி லோகநாயகியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

அவர்கள் மகள் வினோதினிக்கு ஒரு பொம்மை ரயில் இருந்தது. பொன்னேரியில் வீடு காலி செய்த ஒருவர் கொடுத்தது. பித்தளைத் தண்டவாளத்தில் கரண்ட் பாய்ந்தால் என்ஜின் வட்டமடிக்கும். போன வருஷம் ஒருநாள் காலை, பள்ளிக்கு நேரமாகியும் ரயிலை விட்டு எழாத மகளின் முதுகில் லோகநாயகி ஒன்று வைத்து, ரயிலைப் பிடுங்கிப் பரணில் போட்டாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போன பெண், ஆரம்பாக்கம் நெடுஞ்சாலையில் லாரி மோதிச் செத்துப்போனாள். அடித்த கையைப் பார்த்துப் பார்த்தே லோகநாயகி பாதியாகிவிட்டாள்.

வருஷப் படையல் வந்தது. செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படத்தின் முன் வைக்க வேண்டும். லோகநாயகி ரயிலைக் கேட்டாள்.

"சும்மா வெக்கிறதுக்கு இல்லய்யா. ஓடணும். ஓடுச்சின்னா எம்மேல அவளுக்குக் கோவம் இல்லன்னு நெனச்சிக்குவேன்."

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

தண்டவாளம் முழுக்கப் பச்சையாகக் களிம்பேறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தான். போகாத இடத்தை உப்புத்தாளால் சுரண்டினான். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தபோது புதுசாக மின்னியது. ஓட்டிப் பார்க்க மட்டும் லோகநாயகி விடவில்லை. படத்தின் முன்தான் முதலில் ஓட வேண்டுமாம். சாயங்காலம் ஏரிக்காற்று ஏறியது. திரும்பக் களிம்பேறிவிடுமே என்று, பாழாய்ப்போன கை, கிரீஸ் டப்பாவைத் திறந்தது.

மறுநாள் இறால் தொக்கும் சோறும் படைத்துக் கற்பூரம் காட்டினார்கள். லோகநாயகி தானே சுவிட்சைப் போட்டாள். என்ஜின் அசையவில்லை. அணைத்துவிட்டு இன்னொருமுறை போட்டாள். அப்போதும் இல்லை.

"சரிம்மா" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காக்கைக்குச் சோறு எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள்.

ராஜவேலு குனிந்து தண்டவாளத்தைத் தொட்டான். விரல் வழுக்கியது. அடப்பாவி! கிரீஸைத் தாண்டிச் சக்கரத்துக்கு எப்படிக் கரண்ட் போகும்? துணியைப் பெட்ரோலில் நனைத்து அழுந்தத் துடைத்தான். அது காய்ந்ததும் சுவிட்சைப் போட்டான். கடகடவென்று ரயில் ஓடியது.

"வந்து பாருமே, ஓடுது. எல்லாம் என் கிரீஸ் பண்ண வேலை. கொயந்தைக்கு உம்மேல கோவம் ஒண்ணுமில்லமே."

தோட்டத்தில் நின்ற லோகநாயகி திரும்பிப் பார்க்கவில்லை.

"இது நீ ஓட்டுறதுய்யா. நான் கேட்டப்ப அவ ஓட்டல."

ரயில் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த ராஜவேலுவுக்குக் கை வரவில்லை.