மத்தியானக் கயிறு

மத்தியானம் ஆனால் மேல்வீட்டில் கயிறு தரையில் அடிபடும் சத்தம் கேட்கிறது. கணவன் துபாயில் இருக்கிற பெண், தனியாக ஸ்கிப்பிங் ஆடுகிறாள்.

காரைக்குடியில் என் அம்மாவும் ஆடினாள். அப்பா ரங்கூன் கடைக்குப் போயிருந்தார். எல்லோரும் சாப்பிட்டுப் படுத்ததும், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பழைய கிணற்றுக்கயிற்றைச் சுழற்றி முற்றத்தில் தாண்டுவாள். வியர்வையில் தாலிக்கயிறு கழுத்தோடு ஒட்டிக்கிடக்கும்.

"ஏன் ஆத்தா குதிக்கிறே?"

"மூச்சு வாங்குறப்ப அழுக வராதுடி. ராத்திரி தூக்கமும் வரும்."

பெரியம்மாவின் மெட்டிச் சத்தம் கேட்டால் போதும், கயிறு என் கைக்கு வந்துவிடும்.

"யாரு அங்குட்டுக் குதிக்கிறது?"

"எம்மகதான் ஆச்சி. நீங்க ஏன் எந்திரிச்சு வாரீக?"

வசவெல்லாம் எனக்குத்தான். அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு என் பின்னால் நிற்பாள். அவள் நெஞ்சு படபடப்பது என் முதுகில் தெரியும்.

இன்று கயிறு பாதியில் நின்றது. அந்தப் பெண் படியிறங்கி என் வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"சத்தம் தொந்தரவா இருக்கா பாட்டி? எதிர்வீட்டுல திட்டுறாங்க."

"எனக்கென்ன தொந்தரவு? யாராவது கேட்டா, கீழ்வீட்டுக் கிழவிதான் குதிக்கிறான்னு சொல்லிரு" என்றேன்.