சிவப்பு விழுந்தால் எனக்கு அடி

என் அண்ணனுக்குக் கை முந்திவிடும், வாய் பிறகுதான் வரும்.

குற்றாலத்தில் எங்கள் லாட்ஜுக்கு அறை பதிவு செய்யும் செயலியை நான்தான் எழுதினேன். எழுதியதை இணையத்தில் ஒரு சேவைக்கு அனுப்பினால், எங்கோ இருக்கும் கணினி அதைப் போனில் போடுகிற செயலியாகக் கட்டித் தரும். முடித்தால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. எந்தப் படியில் என்ன நடந்தது என்று வரி வரியாக லாக் என்றொரு பதிவும் கொடுக்கும். அண்ணன் லாக் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தொட்டால் குளிக்கத் தடை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற ஊர்க்காரன். நிறத்தைப் பார்த்தால் போதும் அவனுக்கு. சிவப்பு என்றால் நான் தப்புப் பண்ணிவிட்டேன், அவ்வளவுதான்.

சாரல் தொடங்கிய வாரம் புதிய அறைகளைச் சேர்த்து அனுப்பினேன். சிவப்பு. வரவேற்பு மேசை முன்னால் அறைச் சாவிக்காக ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க அண்ணன் என் கன்னத்தில் அறைந்தான்.

“ஏட்டி, சீசன் நேரத்துல என்னத்தப் பண்ணித் தொலைச்ச?”

காது கொய்ங் என்றது. அழாமல் லாக்கைத் திறந்தேன். கடைசி வரி தோல்வி என்று மட்டும்தான் சொல்லும். முதல் பிழை எங்கே வந்தது என்று மேலே போய்த் தேட வேண்டும். நான் எழுதியதெல்லாம் ஒழுங்காகவே கட்டப்பட்டிருந்தது. கடைசியில், செயலி எங்களுடையதுதான் என்று முத்திரை போடும் கோப்பு திறக்கவில்லை. பாஸ்வேர்ட் தவறு. சேவையின் அமைப்புகளில் அதை நான் பதிந்து வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், முந்தைய நாள் அதை மாற்றியிருந்தது அண்ணனின் கணக்கு.

“அண்ணே, இத நீ மாத்துனியா?”

அவன் முகம் செத்துவிட்டது. பிறகு கத்தினான்.

“ஆமா, மாத்துனேன். நீ கல்யாணம் முடிஞ்சு கீழப்பாவூருக்குப் போயிருவ. ஆப்பையும் தூக்கிட்டுப் போனா நான் இங்கன வாயப் பாத்துக்கிட்டு நிக்கவா?”

வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டதாக நினைத்திருக்கிறான். அவன் மாற்றியது சேவையில் பதிந்திருந்ததை மட்டும்தான். கோப்புக்கு இன்னும் பழைய பாஸ்வேர்ட்தான். அது எனக்கு மட்டுமே தெரியும். இந்த விஷயத்தை மட்டும் அவனிடம் சொன்னேன். சிரித்தும் தொலைத்தேன்.

மடிக்கணினியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். என் சடையைக் கையில் சுற்றி இழுத்து, நெற்றியை மேசை விளிம்பில் மோதினான். அருவிக்குப் போகிறவர்களின் மசாஜுக்கு வைத்திருந்த எண்ணெய்ச் செம்பு என் கைக்கு அகப்பட்டது. ஓங்கி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. கொட்டிய எண்ணெயில் வழுக்கி விழுந்தான், எழப்பார்த்து மறுபடி விழுந்தான். இன்னொரு அடி போட ஆசையாக இருந்தது. சாவிக்கு நின்ற பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தென்காசி ஆஸ்பத்திரியில் என் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். அம்மா வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவன் அடிச்சான், நீயும் அடிச்சுட்ட. சரியாப் போச்சுல்லா? பழைய பாஸ்வேர்டச் சொல்லிக் குடுத்துரு. சீசன் போகுது.”

அண்ணன் மூக்கில் பஞ்சோடு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தான். மன்னிப்பு என்று ஒரு சொல் வந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன், அவ்வளவு மடச்சி நான்.

“சொல்லுட்டி” என்று எழுந்து வந்து கையை ஓங்கினான்.

அம்மா தடுக்கவில்லை. “சொல்லித் தொலையேன்” என்றாள், என்னைப் பார்த்து.

இன்றுவரை நான் சொல்லவில்லை.