சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஆறு மண் உருவங்கள்

போன கார்த்திகையில் சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் நான் முன்பு வேலைக்காகத் தங்கியிருந்த ஊருக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. அதற்கு முந்தைய வருடப் புயலில் புளியமரம் சாய்ந்து, அங்கே நான் குடியிருந்த வாடகை அறை நசுங்கியது. உள்ளே இருந்து இறந்தவன் என் அறைத்தோழன் பிஜய், ஒடிசாக்காரன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் இருவருக்கும் ஒரே கம்பெனி. ஊருக்குப் போக அவன் வைத்திருந்த லீவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு நான் சென்னைக்குப் போயிருந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை.

மாதவரத்தில் காலை 6.10க்குப் பேருந்து. ஊத்துக்கோட்டை வழியாக எட்டு மணிக்குச் சத்தியவேடு, டிக்கெட் அறுபது ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். டீயைச் சத்தியவேட்டிலேயே குடித்துவிடுங்கள், ஊரில் கடை கிடையாது.

"பொம்ம பாக்கவா சார்? ஊரே ஏரிக்கரையிலதான் கீது" என்றார் ஆட்டோக்காரர்.

புயலில் இறந்த ஆறு பேருக்கும் ஆளுயர உருவம் செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே அந்தப் புளியமரத்தின் கிளைகள், மேலே ஏரிக் களிமண், கண்ணுக்குப் புளியங்கொட்டை. ஒவ்வொன்றையும் அதனதன் வீட்டு வாசலைப் பார்த்து நிறுத்த வேண்டும் என்று ஊரில் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஐந்து நின்றுவிட்டன. ஆறாவதான பிஜயின் உருவத்தில் தகராறு.

"அவன் வீடு வடக்கால எங்கியோ கீது. அப்பிடித்தான் திருப்பணும்" என்றார் கொத்தனார் முனிரத்தினம்.

எங்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த சரோஜாக்கா விடவில்லை. "ரெண்டு வருசமா என் வீட்லதான துன்னுகினு இருந்தான்? என் வாசலப் பாத்துகினு நிக்கட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிஜயின் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட போன் அது. அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னேன், லீவு விஷயத்தையும் சேர்த்து.

பிறகு அந்த அம்மா, "அங்கே அவனுக்குச் சோறு போட்டது யார்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்படியானால் அந்த வீட்டைப் பார்த்தே நிற்கட்டும்."

அம்மா சொன்னதைச் சொன்னதும் முனிரத்தினம் உருவத்தைத் திருப்பினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். சரோஜாக்கா அழுதார், நானும் அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: பெரிய மழை வந்தால் உருவங்கள் கரைந்துவிடும், அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்த வருடமும் புயல் அடித்த அதே நாளில் புதிதாகச் செய்யப் போகிறார்களாம். சத்தியவேட்டிலிருந்து கடைசிப் பேருந்து மாலை ஆறரைக்கு. படம் எடுக்கத் தடையில்லை. ஆனால் எந்த உருவத்துக்கும் அதன் வீட்டுக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள்.