முருகனுக்கு நேர்ந்த முடி

இரண்டரை வயதுவரை என் மகள் தலையில் கத்தரி பட்டதில்லை. நாங்கள் வெகு காலம் காத்திருந்து பிறந்தவள். முதல் முடி பத்துமலைக் கோயிலில்தான் என்று என் மனைவி முருகனுக்கு நேர்ந்திருந்தாள். அந்த வருடத் தைப்பூசத்துக்கு மொட்டை என்று முடிவாகி, தாய்மாமன் லீவுகூடப் போட்டிருந்தார். அதுவரை முடி கண்ணில் விழ, முடிவெட்டக்கூடக் கணக்குப் பார்க்கிற கஞ்சன் என்று கிள்ளானில் பாதிப் பேர் என்னை நினைத்திருப்பார்கள்.

சில நாட்களாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் காலை, ரொட்டியைக் கையில் பிடித்தபடியே கண் செருகி, உடம்பு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் நீர் கோத்திருக்கிறது, உடனே குழாய் வைத்து வடிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர்.

தலையை மழிக்க வார்டு நர்ஸ், ஒரு மலாய்க்கார மிஸ்ஸி, மெஷினோடு வந்தார். என் மனைவி பிள்ளையின் தலையை இரு கையாலும் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"முருகனுக்கு நேந்துக்கிட்டதுங்க. இங்க வச்சு எப்படி எடுக்கிறது?"

"பிள்ளையை விட முடி பெருசா உனக்கு?" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். என் கோபமெல்லாம் உண்மையில் முருகன்மேல்தான். அவரைத் திட்டப் பயந்துகொண்டு அவளைத் திட்டினேன்.

அவள் அழுதுகொண்டே கேட்டாள். "பத்துமலை எந்தப் பக்கம்? அதையாவது சொல்லுங்க."

ஜன்னல் இல்லாத அறை. எனக்கு எந்தத் திசையும் தெரியவில்லை. மிஸ்ஸி என்னவென்று கேட்டார், மலாயில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொழுகைத் திசை காட்ட அந்தக் கூரையில் ஒட்டியிருந்த கிப்லாட் அம்பை அண்ணாந்து பார்த்தார். அதன் பக்கம் முகம் வைத்து நின்று, வலக்கையை நீட்டிக் கொஞ்சம் பின்னால் தள்ளி, "அந்தப் பக்கம்தான் இருக்கும்" என்றார். கட்டிலையும் அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பினார்.

முதல் கொத்தை என் மனைவி வெட்டினாள். மீதியை மிஸ்ஸி மழித்தார். முடியில்லாத அந்தத் தலை எவ்வளவு சிறியது என்று அப்போதுதான் பார்த்தேன்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் குழாய் அவள் தலைக்குள்ளேயே இருக்கும். அது அடைத்துக்கொள்ளலாம், தலைவலி என்றாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை. அவள் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், இருவர் கையிலும் சோறு அப்படியே நின்றுவிடும்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. எந்தச் சொல்லுக்கு நாங்கள் பதறுவோம் என்று தெரிந்துவைத்திருக்கிறாள். நேற்றுப் பாலர் பள்ளிக்குக் கிளம்பச் சொன்னேன்.

"தலை வலிக்குதுப்பா."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். பொய் என்று எனக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கும் தெரியும். என் மனைவி ஆஸ்பத்திரிப் பையை எடுத்தாள், நான் கார் சாவியை எடுத்தேன்.