வாசலில் ஸ்டாண்டு போட்ட சைக்கிள்

யாராவது பேய் பிசாசு என்று பேச்சை ஆரம்பித்தால், எழுந்துபோய் காயப்போட்ட துணியை எடுத்து மடிக்கிற ஆள் நான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன், சாமியாடிகள் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் பயந்ததில்லை. அதனால் இதைக் கேட்டுவிட்டு, இந்த அம்மாள் எதற்கெடுத்தாலும் நடுங்குகிறவள் போல என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் ஆரம்பம். என் வீட்டுக்காரருக்கு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மேற்கு மாம்பலத்தில் ரயில் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் பின்பக்கப் போர்ஷனை வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்பக்கத்தில் வீட்டுக்கார அம்மா, ராஜம்மா என்று பேர், தெலுங்குக்காரர், புருஷன் போனபிறகு தனியாக இருந்தார். பக்கவாட்டில் ஒரு சின்னக் கேட், அங்கிருந்து எங்கள் கதவு வரைக்கும் சிமெண்டு நடை. கடையை அடைத்துவிட்டு அவர் வர நேரமாகும், அதுவரை நான் தனிதான்.

குடிபோன சில நாளிலேயே அது ஆரம்பித்தது. விளக்கேற்றுகிற நேரம். வெளியே சைக்கிள் மணி அடித்தது, கேட் கிறீச்சென்றது, சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது டிக்டிக்கென்று ஒரு சத்தம் கேட்குமே அது கேட்டது, அப்புறம் என் கதவுக்குப் பக்கத்திலேயே டக்கென்று ஸ்டாண்டு போடும் சத்தம். எங்களிடம் சைக்கிளே கிடையாது. கடையிலிருந்து யாரோ ஏதோ செய்தி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. கேட் கொண்டி போட்டபடியே இருந்தது.

அக்கம்பக்கத்துச் சத்தம், சந்துக்குள் எதிரொலிக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் கேட்டது, அதற்கு மறுநாளும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "புது ஊரு, அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவர் மேலும் தப்பில்லை, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை.

ஒருநாள் சத்தம் அடங்கியதும் துணிந்து விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல வெயில் காலம், மழை பெய்து எவ்வளவோ நாளாகியிருந்தது. சிமெண்டு நடையில் கேட்டிலிருந்து என் கதவு வரைக்கும் சக்கரத் தடம் ஈரமாக வந்திருந்தது. குனிந்து தொட்டேன், கறுப்புச் சேறு. ஆற்றங்கரையில் அடிக்குமே ஒரு அழுகின வாடை, அது. வந்த தடம் இருந்தது, திரும்பிப் போன தடம் இல்லை.

அப்படியே முன்பக்கம் ஓடி ராஜம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் தடத்தைப் பார்த்தார், ஆச்சரியமே படவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உனக்கும் கேக்குதா கண்ணு?" என்றார். "எனக்கு தெனம் கேக்குது. கேக்காத மாரி இருந்துக்கினு கீறேன். இன்னா பண்றது சொல்லு."

அன்றைக்குத்தான் துரைக்கண்ணுவைப் பற்றிச் சொன்னார். எங்களுக்கு முன்னால், நாலைந்து வருஷம் இருக்கும், அதே போர்ஷனில் குடியிருந்தவர். கிண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர், அமைதியான மனுஷர், வேலை முடிந்தால் நேரே வீடு. பெண்சாதி தேசம்மா, கடற்கரைக் குப்பத்துப் பெண். தொழிற்சாலையில் ஸ்டிரைக் வந்தபோது முன்னால் நின்று பேசுகிற நாலு பேரில் இவரும் ஒருவராகிவிட்டார். ஒரு சாயங்காலம் சைதாப்பேட்டைப் பாலம் வரைக்கும் கூட வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், அதற்கப்புறம் ஆளையும் காணோம், சைக்கிளையும் காணோம்.

நான் சும்மா இருக்கமாட்டாமல் தெருவில் விசாரித்தேன். மளிகைக் கடைக்காரர், முதலாளி ஆள் வைத்து அடித்து அடையாற்றில் போட்டுவிட்டார் என்றார். இஸ்திரி போடுகிறவர், அதெல்லாம் இல்லை, சங்கத்துக்குள்ளேயே தகராறு என்றார். பக்கத்து வீட்டு வாத்தியார், வேறு ஒருத்தியோடு பம்பாய்க்கு ஓடிப்போனதாகத்தான் கேள்வி என்றார், பேரைக்கூடச் சின்னக்கண்ணு என்று தப்பாகச் சொன்னார். போலீசும் ஆள் காணவில்லை என்று எழுதிக்கொண்டதோடு சரி. ஒரு மனுஷன் தினமும் போய்வந்த தெருவில் அவன் பேரே மாறிப்போய்விட்டது, அதுதான் எனக்குப் பயத்தைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

"அந்தத் தேசம்மா இப்ப எங்க இருக்காக?" என்று ராஜம்மாவிடம் கேட்டேன்.

"கொட்டிவாக்கத்துல, திருவான்மியூர் கோயில் தாண்டி கடலோரக் குப்பம், அவ ஆத்தா வூட்ல. புருசன் இன்னொருத்தியோட ஓடிட்டான்னு சொல்லியே எல்லாரும் அவள சாவடிச்சிட்டாங்க. தாலிய வச்சிக்கவும் முடியல, கழட்டவும் முடியல பாவம்."

மறுநாள் விளக்கேற்றும்போது மணி அடித்தது, கேட் சத்தம், டிக்டிக், ஸ்டாண்டு. பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆள் வீட்டுக்கு வருகிறான், வீட்டில் பெண்சாதி இல்லை, அதைச் சொல்லக்கூட ஒருத்தரும் இல்லை என்று மனதில் வந்துவிட்டது. கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தபடியே பேசினேன்.

"அண்ணாச்சி, அவுக இங்க இல்ல. கொட்டிவாக்கத்துல அவுக அம்மா வீட்டுக்குப் போயிட்டாக. அடையாறு தாண்டி, திருவான்மியூர் கோயிலையும் தாண்டிக் கடலோரமாப் போங்க. குப்பத்துல தேசம்மான்னு கேட்டா சொல்லுவாகளாம்."

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம். அதுவரைக்கும் ஒருநாளும் கேட்காத சத்தம் அது. டிக்டிக்கென்று நடையைக் கடந்து போனது, கேட் கிறீச்சென்றது, தெருமுனையில் ஒரே ஒரு தடவை மணி அடித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருந்தவரைக்கும் அது வரவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ மனப்பிராந்தி என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். அடுத்த வாரம் ஒரு காலை வேளையில் முன்வாசலில் ராஜம்மா சத்தமாக அழுவது கேட்டு ஓடினேன். கறுத்து மெலிந்த ஒரு பெண் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, நெற்றியில் பொட்டும் இல்லை. யாரும் சொல்லாமலே அவள்தான் தேசம்மா என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வந்தாருக்கா," என்று ராஜம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வெளிய மணி அடிச்சுது. எங்க வூட்டுக்காரர் மணிதான், எனக்குத் தெரியாதா? கதவாண்ட நின்னு குரல் மட்டும் குடுத்தாரு. இத்தினி வருசமா எங்கய்யா போனன்னு கேட்டேன். நான் எங்கயும் போவல தேசம்மா, தெனம் வூட்டுக்குத்தான் வந்துக்கினு கீறேன்னாரு."

ராஜம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "யார் பண்ணாங்கன்னு கேட்டியா?" என்றார்.

"கேக்கத் தோணலக்கா. ஓடிப்போவலன்னு தெரிஞ்சுதே, அது போதும். காலையில கடலுக்குப் போய் முழுகிட்டுத் தாலிய நானே கழட்டிட்டேன். இன்னிமே எவனாச்சும் ஓடிப்போயிட்டான்னு சொல்லட்டும், பாத்துக்கறேன்."

நான் வழி சொன்ன விஷயத்தை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை, ராஜம்மாவுக்கும் தெரியாது. தேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வூட்ல முழுகாம இருக்கிற பொண்ணு யாருக்கா?" என்று கேட்டாள்.

"அப்பிடி யாரும் இல்லியே. பின்னால இந்தப் பொண்ணுதான் குடியிருக்குது, இதுக்கு இன்னும் ஒண்ணும் ஆவல," என்றார் ராஜம்மா.

தேசம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மீன் வாடையும் உப்பும் கலந்த கை, சில்லென்று இருந்தது.

"நீதானா? முழுகாம இருக்கிற பொண்ணு ஒண்ணு, உள்ளேர்ந்தே வழி சொல்லிச்சு, அதாலதான் வந்தேன்னாரு. நல்லாருப்பம்மா நீ."

நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்போது எனக்கு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. தேசம்மா வாதம் பண்ணவில்லை, ராஜம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள், அதற்கப்புறம் நான் அவளைப் பார்த்ததில்லை. அந்த மாதம் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அடுத்த மாதமும் பார்த்துவிட்டு லேடி டாக்டரிடம் போனபோது அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று வழி சொன்ன சாயங்காலம், என் வயிற்றில் கரு தங்கியே சில நாள்தான் ஆகியிருக்கும்.

சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எனக்கே தெரியாததை அந்த மனுஷர் எப்படித் தெரிந்துகொண்டார்? எத்தனையோ வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பிறந்தது பெண். அவளுக்கே இப்போது பேரன் பேத்தி எடுக்கிற வயது. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், ஒரு குறையும் இல்லை. இதை மட்டும் அவளிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை.