கூட்டாளி நெஞ்சில் இருந்த பேட்டரி

மலேசியாவில் எங்கள் ஈஜோக் பக்கம் வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டுக் கோழிகளெல்லாம் ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொண்டு, தண்ணீர் வடியும்வரை இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்திருந்தன. அந்த வெள்ளம் வடிந்து, அடுத்த தைப்பூசத்துக்குப் பையன்கள் காவடி கட்டத் தொடங்கியிருந்த நேரத்தில் நடந்தது இது. என்ன வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை. கோழிகளை வைத்துத்தான் கணக்கு. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள்.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் அவர் பழ லோரி ஓட்டினார், நான் பாய்லரில் நெருப்புப் போட்டேன். வேலையை விட்ட பிறகு தோட்டத்துக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. அவர் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் அவர் வீட்டுத் தேத்தண்ணி, சாயங்காலம் என் வீட்டுத் தேத்தண்ணி. இடையில் ஏதாவது சண்டை. ஒரு டுரியான் மரம் யார் நட்டது என்று நாங்கள் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. அந்த மரம் கடைசிவரை காய்க்கவில்லை என்பது வேறு கதை.

அவருக்கு நெஞ்சு தட்டிக்கொண்டே இருந்து திடீரென்று மெதுவாகிவிடும். மயங்கி விழுவார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேட்டரியை வைத்து அனுப்பினார்கள். சட்டையைக் கழற்றினால் தீப்பெட்டியை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி மேடாகத் தெரியும். கடையில் எல்லோருக்கும் திறந்து காட்டுவார்.

"லோரிக்கு பேட்டரி மாத்தி மாத்தி கடைசில தனக்கும் மாத்திக்கிட்டான் பாரு" என்று நான் சொல்வேன்.

"எனக்குப் பத்து வருஷம் வாரண்டி இருக்குடா. உனக்கு இருக்கா?" என்பார்.

வெள்ளம் வந்தபோது எங்கள் பழைய தோட்டத்து இடுகாடும் மூழ்கிப் போனது. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். புதைத்த இடமெல்லாம் சேறு. என் அப்பாவின் மேடு எது, அவர் அம்மாவின் மேடு எது என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது அவர் சொன்னார், "என்னைய இந்தத் தண்ணியில போட்டுடாதீங்கடா. எரிச்சிடுங்க. சாம்பலானப்புறம் ஜெராம் கடல்ல எங்க வேணும்னாலும் போடுங்க." வீட்டிலும் இதையே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் கொஞ்ச நாளில், ஒரு காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தேத்தண்ணி ஆறாமல் பக்கத்தில் இருந்தது. கிளினிக்கிலிருந்து வந்து பார்த்து உறுதி செய்தார்கள். போலீசுக்குப் போய்ச் சொல்லித் தகனத்துக்குப் பெர்மிட்டும் வாங்கியாகிவிட்டது. கிள்ளானிலிருந்து அவருடைய தம்பி காரில் வந்து இறங்கினார். எல்லாவற்றையும் அவரே எடுத்துப் போட்டுச் செய்தார். மின்சார அடுப்பில் எரிக்கிற மின்சுடலையில் மத்தியானத்துக்கு நேரம் வாங்கினார். சவப்பெட்டி, வேன் எல்லாம் ஒரே இடத்தில் சொல்லிவிட்டார். குறை சொல்வதற்கில்லை.

தங்கச்சி மட்டும் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மேடு இருந்த இடத்தில் கையை வைத்தபடியே இருந்தாள். பெண்கள் அழச் சொல்லிப் பார்த்தார்கள். அதிர்ச்சி, கொஞ்ச நேரத்தில் சரியாகும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டிக்காரர் வேனோடு வந்தார். கூடவே ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். உடம்புக்கு மருந்து ஏற்றிக் கெடாமல் வைக்கிற வேலை அந்தப் பெண்ணுடையது. பெட்டிக்காரர் உடம்பைத் தொடுவதற்கு முன்னால் தம்பியிடம் சில கேள்விகள் கேட்டார். என்ன வியாதி, உடம்பில் நகை இருக்கிறதா, நெஞ்சில் பேட்டரி எதுவும் வைத்திருக்கிறதா.

தம்பி முகம் மாறாமல், "இல்ல" என்றார்.

தம்பிக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவரே அவர்தான். அண்ணன் உடம்பில் கத்தி படக்கூடாது, வாங்கிய நேரமும் தவறக்கூடாது, அவ்வளவுதான் அவர் எண்ணம். எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

ஆனால் நான் ஆயுசெல்லாம் நெருப்பு முன்னால் நின்றவன். ஒரு தடவை, குப்பையோடு குப்பையாக மூடி இறுகின ஒரு டின் பாய்லர் அடுப்புக்குள் போய்விட்டது. வெடித்ததில் அடுப்புக் கதவு தெறித்து, கூட வேலை பார்த்தவன் முகத்தில் பட்டது. அவனுக்கு ஒரு கண் போயிற்று. அதற்கப்புறம் மூடின எதுவும் நெருப்புக்குள் போவதைப் பார்த்தால் என் உடம்பு தானாகப் பின்னால் போகும். மின்சுடலையிலும் அடுப்புப் பக்கத்தில் எவனோ ஒருவன் நிற்பான் அல்லவா?

"இருக்கு" என்றேன்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, உங்கள யாரு கேட்டா?"

பெட்டிக்காரர் குரலை உயர்த்தவில்லை. பேட்டரியோடு எரித்தால் வெடிக்கும், எடுத்தாகிவிட்டது என்று தான் சொல்லாமல் மின்சுடலையில் உள்ளே விடமாட்டார்கள் என்றார். புதைப்பதாக இருந்தால் எடுக்க வேண்டாம், அப்படியே வைக்கலாம். எரிப்பதாக இருந்தால் எடுத்தே ஆகவேண்டும்.

"சரி லா, எடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் தம்பி.

"மனைவி இருக்காங்களே, அண்ணே. அவங்கதான் சொல்லணும்" என்றார் பெட்டிக்காரர்.

எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தோம். அவள் கையை எடுக்கவே இல்லை.

"பத்து வருஷம் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. நாலு வருஷம்தானே ஆச்சு" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அவளே மறுபடியும் சொன்னாள். "பேட்டரி இன்னும் நல்லாத்தானே இருக்கு. அது ஓடும்போது எப்படி எரிப்பீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து அவள் ஏன் அழவில்லை என்று. கிளினிக்காரர் சொன்னதை அவள் நம்பவே இல்லை. நாலு வருஷமாக நெஞ்சு மெதுவாகும்போதெல்லாம் அந்தப் பேட்டரிதான் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது. இந்தத் தடவையும் கொண்டுவரும் என்று கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நாங்களோ பூமாலைக்குச் சொல்லிவிட்டு, பெட்டிக்கு அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பி எழுந்து வெளியே போய்விட்டார்.

புதைத்துவிடலாமே என்று ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார். அந்தச் சேறும் தண்ணீரும் என் கண் முன்னால் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் தங்கச்சியே தலையை ஆட்டினாள். "தண்ணியில போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு." அதில் அவள் தெளிவாக இருந்தாள். எரிக்கவும் முடியாது, புதைக்கவும் கூடாது. வேன் வாசலில் நிற்கிறது.

மருந்து ஏற்ற வந்த அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தங்கச்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளும் தன் கையை அந்த மேட்டின்மேல் வைத்தாள், தங்கச்சியின் கைக்குப் பக்கத்தில்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. இது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். "விடாம தட்டிக்கிட்டு இருக்கு. ஆனா ஐயா உள்ள இல்ல. யாருமே இல்லாத வீட்டுக் கதவத் தட்டற மாதிரிதாம்மா."

ஓடுவதை ஓடவில்லை என்று அந்தப் பெண் பொய் சொல்லியிருந்தால் தங்கச்சி நம்பியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

"காலையிலிருந்தா தட்டுது?" என்று கேட்டாள் தங்கச்சி.

"ஆமாம்மா."

"போதும். அத நிறுத்திடுங்க."

வழக்கமாகப் பெட்டிக்காரருடைய அறைக்குக் கொண்டுபோய்த்தான் எடுப்பார்களாம். ஆனால் எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டிய உடம்பு மறுபடி வீட்டுக்குள் வரக்கூடாது. நீர்மாலை எடுக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, அதற்குள் எப்படி வெளியே அனுப்புவது? பெட்டிக்காரர் அறையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், சின்ன வேலைதான், இங்கேயே செய்யலாம் என்றார். தங்கச்சி வெளியே வர மாட்டேன் என்றாள். என்னையும் இருக்கச் சொன்னாள். நான் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். காதை என்ன செய்வது? "ஐயா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று அந்தப் பெண் அவரிடம் சொன்னது கேட்டது. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு ஊசி போடுகிற மாதிரி.

அதிக நேரம் ஆகவில்லை. தைத்து, ஒட்டி, சட்டையும் போட்டாகிவிட்டது. துடைத்த பேட்டரியைத் தங்கச்சி கேட்டு வாங்கினாள். காதில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கலயே" என்றாள்.

அப்போதுதான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் தம்பியும் உள்ளே வந்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை நாங்கள்தான் தூக்கிவிட்டோம்.

மின்சுடலைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனோம். அதற்காகத் திருப்பி அனுப்பவில்லை அவர்கள். வாசலில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள், பெட்டிக்காரர் பதில் சொன்னார். அடுப்புப் பக்கம் ஒரு ஆள் நின்றிருந்தார். பக்கத்தில் நிறுத்தியிருந்த அவர் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிட்டாரோ இல்லையோ. எனக்கு என்னவோ, உள்ளே போகிற பெட்டியைவிட அந்தப் பையைத்தான் பார்க்கத் தோன்றியது.

சாம்பலை ஜெராமில் கரைத்தோம்.

போன வருஷம் தம்பிக்கும் நெஞ்சில் பேட்டரி வைத்துவிட்டார்கள். அண்ணன் வழி. இப்போது எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், பந்தியில் உட்காருவதற்கு முன்னால் என்னிடம் வந்து சட்டைமேல் தட்டிக் காட்டுவார். "அண்ணே, எனக்கும் இருக்கு. மறந்துடாதீங்க லா" என்பார். கல்யாண வீட்டில் என்ன பேச்சு இது என்று அவர் மனைவி திட்டுவாள். எனக்கு அவரைவிட வயது அதிகம், யார் யாருக்குச் சொல்லப் போகிறோமோ தெரியாது. இருந்தாலும் சரி என்பேன்.

அதற்கு முன்னாலெல்லாம் பெட்டிக்காரர் கேட்கிற கேள்வியை வீண் கெடுபிடி என்று நினைத்திருந்தவன் நான். அடுப்பு முன்னால் நிற்கிறவனுக்காகக் கேட்கிற கேள்வி அது. என் தங்கச்சியைக் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த நினைப்பிலிருந்து விடுவித்ததும் அதே கேள்விதான். உங்கள் வீட்டிலும் நெஞ்சில் பேட்டரி வைத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் நன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.